காப்புக் கட்டிய சாரதி

மதுரையில் நான் சந்தித்த முதல் மனிதர் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

விமான நிலைய வாசலில், என் பெயரைப் பிழையாக எழுதிய அட்டையை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் நெஞ்சுக்குழியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துப் பெட்டியை வாங்கினார். சின்னப் பெட்டிதான். அதைக் காரில் ஏற்றியவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பங்குனி வெயிலுக்கு எல்லோருக்கும் வியர்த்தது. இவருக்கு வியர்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன தம்பி, ஏலாமல் இருக்கோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கேஸு. ஒரு சோடாவப் போட்டா சரியாப் போயிரும்."

எங்கள் ஊரில் இதை வாய்வு என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, ஆட்கள் கை வைக்கிற இடம் ஒன்றுதான். முப்பது வருடமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அதில் பாதிப்பேருக்கு உண்மையாகவே வாய்வு. மற்றப் பாதிப்பேரை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வருவதில்லை.

நான் சாவகச்சேரிப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியர். என்னோடு படித்தவர்கள் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு வந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். மிச்சம் நின்றது நானும், ஒரு ஈசிஜி மெஷினும், அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாத பேப்பர் சுருளும். மதுரையில் சில இதய மருத்துவர்கள் சேர்ந்து, சுற்றுவட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடுக்கும் ஈசிஜியைப் போனிலேயே பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்தையும் கேரளத்து மலைக் கிராமங்கள் சிலவற்றையும் சேர்த்து ஒரு கூட்டு முயற்சியாக்கலாம் என்றார்கள். போய்ப் பார்த்து, கதைத்து, கையெழுத்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் பெரிய விருப்பம் இருந்தது என்று சொன்னால் பொய். முழங்கால் வலி, கிளினிக்கில் ஆளில்லை, வீட்டில் கிணற்று மோட்டர் பழுது. ஆனாலும் வந்தேன்.

சாரதியின் பெயர் சோலைமலை. கீழக்குயில்குடிக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் நிலமும் இருக்கிறது, மழை பெய்தால் வயல், பெய்யாவிட்டால் கார். "மழ எங்கக்கா பெய்யுது, அதான் வருசம் பூரா ஸ்டியரிங்கு" என்றார். அந்த மருத்துவர் குழுவுக்குப் பல வருடமாக அவர்தான் கார் ஓட்டுகிறார். மதுரையின் இதய மருத்துவர்களில் எத்தனை பேரை அவர் ஏற்றி இறக்கியிருப்பார்! அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

தங்குமிடம் பழங்காநத்தத்தில். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹார்ன், மூடினால் புழுக்கம். கீழே ஒரு பரோட்டாக் கடை. இரவு அங்கே போய், "கொஞ்சம் உப்புக் குறைவா ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அக்கா கேரளாவா?" என்றார். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். "அப்ப தமிழுதான்! உக்காருங்க, உக்காருங்க" என்று சால்னாவை இலையில் ஊற்றினார். உப்பு ஊருக்கே போதும். ருசி என்றால் சொல்லி வேலையில்லை. இரண்டு பரோட்டா தின்றுவிட்டு, இதயத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேச வேண்டிய குறிப்பை வாசித்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் முழுவதும் கூட்டம். குளிரூட்டிய மண்டபத்துக்குள் மூன்று ஊர் ஆட்களும் உட்கார்ந்து, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எந்த ஊரின் சின்னம் இடப்பக்கம் வரவேண்டும் என்று மத்தியானம் வரை கதைத்தோம். கேரளத்து மருத்துவர் அகர வரிசைப்படி வைக்கலாம் என்றார். எந்த மொழியின் அகர வரிசை என்று யாரோ கேட்டார்கள். அதோடு தேநீர் இடைவேளை வந்தது. வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய வடை, ஜீனி மிதக்கும் காபி. ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேச வந்த எல்லோரும் எண்ணெய் விரலைத் துடைக்கக் காகிதம் தேடினோம்.

மதுரைக் குழுவின் தலைவர் டாக்டர் ஜெபராஜ். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அதனால்தானோ என்னவோ, எதையும் கரும்பலகையில் எழுதுவதுபோலவே சொல்வார். "மேடம், மக்கள் நிலையத்துக்கு வந்துட்டா மீதிய நாங்க பாத்துக்குவோம். வாசப்படிய மிதிச்சா போதும்." அவர் சொன்ன திட்டம் நல்ல திட்டம். நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு உடனே ஈசிஜி, உடனே போனில் படம், பார்த்து உடனே பதில், முதல் மாத்திரைகள் அங்கேயே. எனக்கு வேண்டியது இதுதான். எந்தச் சின்னம் எங்கே இருந்தாலும் கையெழுத்து வைத்துவிடுவேன்.

மாலை திரும்பும்போது, கேட்காமலேயே வில்லாபுரம் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் காரை நிறுத்தினார் சோலைமலை. இஞ்சி சோடா. ஒரே மூச்சில் குடித்தார். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. முகம் தெளிந்தது.

"பாத்தீங்களாக்கா? கேஸுதேன்."

"நடக்கேக்கை, பாரம் தூக்கேக்கை வருதோ? நிண்டால் போகுதோ?"

"ஆமா. நடந்தாத்தேன் கேஸு ஏறும்."

"தம்பி, அது கேஸ் இல்லை. நாளைக்கு நாங்கள் சுகாதார நிலையத்துக்குத்தானே போறம்? அங்கை நீங்களும் உள்ளுக்கு வந்து ஒரு ஈசிஜி எடுக்கிறீங்கள். சரியோ?"

"ஆகட்டும்க்கா" என்றார். அந்தச் சொல்லை நான் நம்பியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் "பாப்பம்" என்பார்களே, அதன் உடன்பிறப்புத்தான் "ஆகட்டும்".

மூன்றாம் நாள் சமணர் மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். மலை என்றால் ஒரே மொட்டைப் பாறை. அதன் அடியில் தாமரைக்குளம், ஆலமரம். காலை வெயிலில் பாறை வெந்துகொண்டிருந்தது. சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் மேலே இருக்கின்றன, ஏறிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். முழங்காலை நினைத்து வேண்டாம் என்றேன். அவருக்கும் அது நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது.

சுகாதார நிலையத்தின் நீலக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு டயர் பஞ்சராயிற்று. நான் இறங்கி நடந்து போய்விட்டேன். வராந்தாவில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். மருத்துவ அதிகாரி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். எங்கள் ஊரிலும் இப்படித்தான், சுகாதாரத்தைப் பற்றிக் கூட்டம் நடக்கிற நாளில் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கமாட்டார். நர்ஸ் விமலா என்று ஒரு பெண், திருச்சிக்காரி, விடியலில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு கண் சிவந்து நின்றாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். மோர்க் குவளையோடு வெளியே பார்த்தேன். சோலைமலை டயரை மாற்றி முடித்து, வாசல் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் குந்தியிருந்தார். குந்தியவர் எழும்பவில்லை.

முழங்காலையும் மறந்து ஓடினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் சாம்பல்.

"ஆட்டுக்கல்லத் தூக்கி நெஞ்சு மேல வச்ச மாதிரி இருக்குக்கா."

"எழும்புங்கோ. உள்ளுக்குப் போவம். பத்தடிதான்."

அவர் தலையை ஆட்டினார். வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. மூன்று நாளாக அந்தக் கை ஸ்டியரிங்கில் இருந்ததைப் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏதோ நேர்த்தி என்று விட்டுவிட்டேன்.

"காப்புக் கட்டிருக்கேங்க்கா. எங்க ஊரு காளியம்மாளுக்குப் பொங்கலு. வீட்டுக்கு ஒரு காப்பு. நாளான்னைக்கு நாந்தேன் தீச்சட்டி எடுக்கணும். உள்ள பிரசவ வார்டு இருக்குல்ல? காலையிலகூட பிள்ள பெறந்துருக்கு. தீட்டுக்கா. வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

எங்கள் ஊரில் இதைத் துடக்கு என்போம். பிள்ளை பிறந்த வீட்டுக்கும், ஆள் செத்த வீட்டுக்கும் விரதகாரர் போகமாட்டார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கு உள்ளேயும் ஒரு பிரசவ அறை இருக்கிறது என்பதையும், பங்குனி சித்திரையில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ஆம்பிளைகள் காப்புக் கட்டியிருப்பார்கள் என்பதையும் ஒன்றாகச் சேர்த்து யாருமே யோசிக்கவில்லை. ஜெபராஜ் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. "எனக்கும் தெரியாது மேடம், வெயிலுக்கு ஆம்பளைங்க வர்றதில்லைன்னு நெனச்சேன்" என்றாள் விமலா. அவளும் என்னோடு ஓடி வந்திருந்தாள்.

விமலா மறுபடி ஓடிப்போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையடக்கமான மெஷின், பேட்டரியில் ஓடும். இரண்டு பேருமாக அவரைக் காரின் பின்சீட்டில் சாய்த்தோம். இல்லை, நான் மட்டும்தான் சாய்த்தேன். விமலா கை வைக்கப் போனதும் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"இந்தத் தங்கச்சி தொட வேணாம்க்கா."

"நான் குளிச்சிட்டேண்ணே!"

"குளிச்சாலும் தீட்டு தீட்டுதேன் தாயி. கோவிச்சுக்கிறாத."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நெஞ்சு அடைக்குது, உங்களுக்குத் துடக்கோ? விசர்க் கதை கதையாதேங்கோ" என்று சத்தம் போட்டேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. நான் வராந்தாவோடு நின்றவள். உள்ளே போகவில்லை. "நான் தொடலாமோ?" என்றேன். யோசித்தார். "நீங்க மோரு மட்டுந்தானக்கா குடிச்சீங்க? தொடலாம்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேறு நாட்டில் விருந்தாளியாக வந்து, காருக்குள் முதுகு வளைந்து, ஒரு சாரதியின் நெஞ்சில் ஈசிஜி வயர்களை ஒட்டினேன். விமலா கதவுக்கு வெளியே நின்று எது எந்த வயர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாவம், அவளும் ஏதாவது செய்ய வேண்டாமா? பேப்பர் ஓடி வந்தது. பார்த்தேன். எனக்குப் பிடிக்காதது அதில் இருந்தது. விமலா போனில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள்.

போன் உடனே அடித்தது. ஜெபராஜ்தான். "யாரு மேடம் இந்த பேஷன்ட்? அடைப்பு இருக்கு. உடனே அனுப்புங்க."

"எங்கடை சாரதி."

"யாரு... நம்ம சோலைமலையா?" அவர் குரல் இறங்கியது. "நேத்து என் பக்கத்துல நின்னு காபி வாங்கிக் குடுத்தான் மேடம். எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் சோலைமலை சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி தீட்டு ஒரு பக்கம். காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது இன்னொரு பக்கம். முதல் மாத்திரைகளைக்கூட வாங்கமாட்டேன் என்றார், அது பிரசவ அறையில் இருந்த மாத்திரையாம். "பொங்க முடியட்டும்க்கா. மக்யா நாளு நானே வாரேன்." நான் கெஞ்சினேன், வெருட்டினேன். "ஆத்தா பாத்துக்குவா" என்றார். எத்தனை பேர் இதைச் சொல்லிவிட்டு என் கையாலேயே மரணச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. களைத்துப்போய்ப் புளியமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய மனைவி பேச்சியம்மாள் கொழுந்தனின் வண்டியில் வந்து இறங்கினார். விமலா போன் போட்டிருந்தாள். ஒல்லியான மனுஷி, மஞ்சள் சேலை, தலையில் ஈரம். புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அழவில்லை. என்னிடம் திரும்பி, "பொழச்சுருவாராம்மா?" என்றார்.

"இப்ப போனால் பிழைப்பார்."

"போகாட்டி?"

"சொல்லேலாது."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஏன்யா, தீச்சட்டி எடுக்கிறேன்னு கெடக்கியே, எடுக்கும் மின்ன நீ போயிட்டீன்னா என்னாகும்? காப்புக் கட்டுன ஊருல எழவு விழுந்தா ஊருக்கே தீட்டு. பொங்க நின்னுரும். மொளப்பாரி அம்புட்டும் வாடிப்போகும். ஊரே ஒன்னையத்தேன் வையும். ஆத்தாளுக்குப் பண்ற சேவையா இது?"

சோலைமலை காப்புக் கட்டிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"ஒங்கிட்டப் பேசி வெளங்காது" என்று பூசாரிக்குப் போன் போட்டார் அந்த அம்மா. ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். பூசாரி முதலில் அப்படி வழக்கமில்லையே என்று இழுத்தார். "அப்பச் சரிண்ணே, ஊருக்குள்ள பொணத்தக் கொண்டாந்து போடுறேன், நீங்க பொங்க வைங்க" என்றார் பேச்சியம்மாள். பிறகு, "சரி தாயி. காப்பு கீழ விழுகாம மாத்திக் கட்டிக்க. சட்டிய நீ எடு" என்றார் பூசாரி.

பேச்சியம்மாள் புருஷனின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து, தரையில் படாமல், தன் கையில் சுற்றிக்கொண்டார். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. சோலைமலையே முடிச்சுப் போட்டுவிட்டார். போடும்போது அவர் கண் கலங்கியது. "நான் எடுக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மாத்திரைகளை விழுங்கினார், விமலா கை பிடித்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. 108 வந்தது. யாராவது கூடப் போக வேண்டும் என்றார்கள். பேச்சியம்மாள் வண்டிப் படியில் காலை வைக்கப் போனவர், கையைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். இப்போது காப்பு அவர் கையில். இனி அவர்தான் ஆஸ்பத்திரிக்குள் போகக் கூடாது.

கொழுந்தன் ஏறிப் போனார். கார் புளியமரத்தடியில் நின்றது, ஓட்ட ஆளில்லை. நான் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் காசு வாங்கவில்லை, பொம்பளைகளுக்கு இலவசமாம். நான் இந்த நாட்டுப் பொம்பிளை இல்லை என்று சொல்ல நினைத்தேன், அலுப்பில் விட்டுவிட்டேன். நெரிசலில் யாரோ ஒருத்தி என் மடியில் தன் பையை வைத்துவிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கங்கம்மா" என்றாள். பிடித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஜெபராஜ் கூடவே நின்றாராம்.

நான்காம் நாள் ஒப்பந்தம் கையெழுத்து. சின்னங்கள் மூன்றையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு இடம் வலம் இல்லாமல் செய்திருந்தார்கள். நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: திருவிழா மாதங்களில் மெஷின் வாசலுக்கு வெளியே வரவேண்டும், பிரசவ அறைப் பக்கம் போகாத ஒருவர் அதோடு வரவேண்டும். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஜெபராஜ் சிரிக்கவில்லை. "வாசப்படிய மிதிச்சா போதும்னு நாந்தான மேடம் சொன்னேன்" என்று அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். கேரளத்து மருத்துவர் தங்கள் பக்கம் மாலை போடுகிற மாதத்தையும் சேர்க்கச் சொன்னார். எனக்கு எங்கள் அம்மன் கோயில் கொடியேற்றம் ஞாபகம் வந்தது. கொடி ஏறினால் எங்கள் கிளினிக்கிலும் வரிசை குறையும். இத்தனை வருடமும் வெயில் என்றுதான் நானும் எழுதிவந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலுக்கு எதிர்ப்பக்கம், தேநீர்க் கடை ஓரத்தில், வேப்பிலைக் கொத்தும் கையுமாகப் பேச்சியம்மாள் நின்றார். காலையிலேயே வந்துவிட்டாராம். இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். கொழுந்தன் வந்து வந்து சொல்கிறார், ஆனால் "அவன் எல்லாத்துக்கும் நல்லாருக்காருங்கிறான், நம்ப முடியல" என்றார். அந்த வார்டுக்குள் போன் கொண்டுபோக விடவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்கம்மா."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினேன். சோலைமலை கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கிப்போக ஆயத்தமாக இருப்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"படுக்கச் சொன்னவை எல்லோ?"

"இல்லக்கா, நான் போகணும். அவளுக்கும் பிரஷர் இருக்கு. வீட்டுல காப்புன்னா அவளும் விரதந்தேன், காப்புக் கட்டுன அன்னைக்கே மாத்திரைய நிப்பாட்டிருப்பா. விரதத்துல மாத்திரை கூடாதுன்னு யாரோ சொன்னாளுக. இப்ப என் சட்டியவும் தூக்கணும். நாளைக்கு அந்த வெயில்ல, நெருப்பத் தூக்கிட்டு..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ மாத்திரை போட்டாத்தேன் நான் இங்க கெடப்பேன். போய்ச் சொல்லுங்க."

இறங்கினேன். சொன்னேன்.

பேச்சியம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "படுத்துக் கெடக்கையிலயும் அதிகாரத்தப் பாரு! விரதத்துல மாத்திரை போடக் கூடாதும்மா, அவருக்கு என்ன தெரியும்?"

எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அவருடைய வார்த்தையையே எடுத்தேன். "நாளைக்கு நெருப்புச் சட்டியோடை நீங்கள் விழுந்தால் ஊருக்குத் துடக்கில்லையோ? முளைப்பாரி வாடாதோ?"

என்னை உற்றுப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "வெவரமான ஆளுதேன் நீங்க" என்றார். இடுப்பிலிருந்து சின்ன மணிபர்ஸை எடுத்தார். உள்ளே மாத்திரை அட்டை, ஒன்றும் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கூடவே கொண்டுதான் திரிந்திருக்கிறார். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி, மூன்றாம் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து, வாயில் போட்டு விழுங்கினார்.

"நான் போட்டேன்னு சொன்னா அவரு நம்ப மாட்டாரு. நீங்க பாத்தீங்கள்ல? கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. நாளைக்கும் போடுவேன்னு சொல்லுங்க. ஆத்தா மேல சத்தியம்."

எனக்கு விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் கெஞ்சின. மறுபடி மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினேன். மேலே சோலைமலை அதே கட்டில் விளிம்பில், அதே மாதிரிக் கால் தொங்கப்போட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுங்கிப்போட்டா. நான் கண்ணாலை பாத்தனான். நாளைக்கும் போடுவாவாம், சத்தியம் பண்ணியிருக்கிறா."

"சத்தியமா?"

"அம்மன்ரை பேரிலை."

அவர் கொஞ்ச நேரம் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டிலில் வைத்து, படுத்துக்கொண்டார்.